பொறுத்துப்போகும் அளவு

வரைபடத்தில் நாட்டின் பெயர் இல்லை.
குழாயின் நீளம் இருந்தது, சுவர்க்கனம் இருந்தது,
ஓரத்தில் கூட்டல் கழித்தல் போட்டு
இரண்டு மைக்ரான்.
டொலரன்ஸ் என்றால் என்னவென்று கேட்டேன், சேர்ந்த புதிதில்.
எவ்வளவு பிசகினால் பொறுத்துப்போவோமோ அவ்வளவு
என்றார் சுப்பர்வைசர் இன்னாசி.

எதற்கு இந்தக் குழாய் என்றும் கேட்டேன்.
ரப்பர் பால் சுழற்றுகிற மெஷினுக்காம்.
பாகாவில் இருந்துகொண்டு அதை நம்பாமல் முடியாது.
தோட்டத்து ஆலையில் அந்த மெஷின் பக்கத்தில் நின்றுதான்
அப்பா ஒரு காதைத் தொலைத்தார்.
சுழற்றினால் கெட்டிப்பால் ஒரு பக்கம், தண்ணிப்பால் ஒரு பக்கம்.
கனத்தது தனி, லேசானது தனி.
அவ்வளவுதானே என்று
எட்டு மாதம் ஓவர்டைம் பார்த்தேன்.
பெட்டிகள் லோரியில் கிள்ளானுக்குப் போயின.
அதற்குப் பிறகு கடலின் கணக்கு.

ஒரு நாள் மாமாக் கடை டிவியில் அந்த நாடு.
உண்டென்றும் சொல்லமாட்டோம்
இல்லையென்றும் சொல்லமாட்டோம் என்கிறார் அமைச்சர்,
நடுவில் தண்ணீர் குடிக்கிறார்.
பதினைந்து நாடுகள் மேசையைச் சுற்றிக் கை தூக்குகின்றன.
அதில் ஐந்து, குண்டு வைத்திருப்பவை
எழுதிக்கொடுத்துவிட்டு.
லைசென்ஸ் கள்ளுக்கடைக்காரன்
சம்சு காய்ச்சுகிறவனைப் பிடித்துக்கொடுக்கிறான் என்றார்
லோரி தவராஜா, ரொட்டியைப் பிய்த்தபடி.
சிரித்தோம்.
சம்சு குடித்துச் செத்தவர்கள்
எங்கள் லயத்தில் மட்டும் நாலு பேர்.
நிறுத்திக்கொண்டோம்.

சபை அந்த நாட்டை நெருக்கியது. அது வாய் திறக்கவில்லை.
திறக்காத வாய்க்குப் பதில் கப்பல் ரசீதுகளைப் பிரித்தார்கள்.
ரசீதில் தவ்கே பெயர்.
தவ்கே இன்னாசியை நெருக்கினார்.
இன்னாசிக்குக் கீழே நான்தான்.

மூன்று பேர் வந்தார்கள்.
நரைத்த குட்டைமுடி அம்மா ஒருவர் கையுறை மாட்டி
வெள்ளைத் துணித்துண்டால் என் மேசையைத் துடைத்தார்.
துணியை ஒரு பையில் போட்டு
பையை இன்னொரு பையில் போட்டு
நேரம் எழுதினார்.
பதினோரு வருடத்தில்
என் மேசையை வேறொருவர் துடைத்தது அன்றுதான்.

கோலாலம்பூரிலிருந்து வந்த மொழிபெயர்ப்புப் பையன்
பரீட்சைத்தாள் தமிழில் கேட்டான்:
இறுதிப் பயன்பாடு குறித்துத் தாங்கள் அறிந்திருந்தீர்களா?
பால், என்றேன்.
அதை அவன் மூன்று வாக்கியமாக அவர்களிடம் சொன்னான்.

கணக்குப் பார்த்தார்கள்.
செய்தது இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
கழிவு முப்பத்தொன்று. உருக்கியது முப்பது.
ஒன்று எங்கே?

அந்த ஒன்று
ஞாயிற்றுக்கிழமைகளில் என் அடுப்பில் இருக்கிறது.
இரண்டுதான் பொறுக்கும், அதில் ஐந்து.
சிவப்பு மை வைத்தவளே நான்தான்.
வீச மனமில்லை.
புளி போட்டு இரண்டு தரம் வேகவைத்ததில்
எண்ணெய் வாடை போயிற்று.
அடியில் துளையிட்ட சிரட்டை.
மாவு, தேங்காய்ப்பூ, மறுபடி மாவு.
இவ்வளவு நேரான புட்டு
பாகாவில் வேறெவள் வீட்டிலும் விழாது.

எங்கே என்று இன்னாசி கேட்டார். போலீஸ்காரர் கேட்டார்.
தேநீர் நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு
அந்த அம்மா பாஷையில்லாமல், கண்ணால் கேட்டார்.
உண்டென்றும் சொல்லவில்லை.
இல்லையென்றும் சொல்லவில்லை.
தண்ணீர் குடித்தேன்.

நான் பச்சை மை வைத்த மற்றதெல்லாம்
எந்த மலைக்கடியில்
எதைச் சுழற்றிக்கொண்டு நிற்கின்றனவோ.
கனத்தது தனி, லேசானது தனி.
வேண்டாமென்று நான் தள்ளிய ஒன்றுக்கு மட்டும்தான்
இருக்குமிடம் எனக்குத் தெரியும்.

இன்றைக்குச் செய்தியில்
கெடுவை இன்னும் முப்பது நாள் நீட்டியிருக்கிறார்கள்.
குச்சியால் தள்ளுகிறேன்.
ஆவி பறக்க முழுசாக வந்து விழுகிறது.
சின்னவன் சீனி டப்பாவை இழுக்கிறான்.
சூடு ஆறுமுன்னே, பழக்கம் விடாமல்,
குழாயின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறேன்.
கொஞ்சம் தடிப்புத்தான்,
இப்போதும்.